ஒரு கிலோ குறைய 30,000 ரூபாயா?

திண்டுக்கல்லிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். புது வேலை, கையில் நாலு மாதச் சேமிப்பு. “மாமா, குரோமோலி ஃப்ரேம் சைக்கிள் வாங்கட்டுமா? சாதா இரும்பு சைக்கிளைவிட 30,000 கூட.”

குரோமோலி என்றால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. சாதா எஃகைவிட அது லேசும் இல்லை, விறைப்பும் இல்லை. வலிமைதான் கூடுதல். அதனால் குழாயை மெலிதாகச் செய்யலாம்: முனைகளில் தடிமன், நடுவில் மெலிசு. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியது. மிச்சமாவது ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு.

பழனி ரோட்டுச் சமதளத்தில் அது காலுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் சிறுமலை ஏறுவானாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது. தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ வருமே!

இன்னொன்று, மெலிந்த குழாயில் விரிசல் விட்டால், கேட் அடிக்கிற பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைக்க முடியாது. ஓட்டை விழுந்துவிடும். தடித்த சாதாக் குழாய் தாங்கும்.

“குலுங்காமல் போக டயர் அகலமும் காற்றும்தான் முக்கியம். உன் உயரத்துக்கேற்ற சைஸ், நல்ல டயர், நல்ல பிரேக், அதில் போடு காசை” என்றேன்.

“சரி மாமா.”

மறுநாள் போட்டோ வந்தது. குரோமோலியேதான்! “அந்த ஒல்லிக் குழாய்தான் மாமா அழகே” என்கிறான். நான்தான் ஏற்றிவிட்டேன் என்று அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.