மைக் வாங்கும் முன் லினக்ஸைக் கேளுங்கள்

பாட்காஸ்ட் பதிய மைக் வாங்க நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டராகவே இருக்கட்டும். வாங்குகிற மைக் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிடி வேண்டும், ஆப் வேண்டும் என்று கேட்காமல் லினக்ஸில் பேசுகிற மைக், அநேகமாக வேறு எதிலும் பேசும். இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது.

"இந்த வயசில் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி பாட்காஸ்ட்டு?" என்று காலை நடையில் உடன் வருகிறவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மின்வாரியத்தில் 34 வருஷம் கம்பத்தையும் கம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, ரேடியோக்காரன் மாதிரி பேசவேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. ஆசை வேறு. சூலக்கரையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் தீப்பெட்டி, வெடி, அச்சு என்று மூன்று தொழிலில் ஒன்றைத் தொட்டு வாழ்ந்த வயசாளிகள் இருக்கிறார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தத் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிய கையும் பெட்டி ஒட்டிய கையும் பேசியது எங்கே இருக்கிறது?

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். எட்டு வயசில் பெட்டி ஒட்ட உட்கார்ந்தவர். ஒரு குரோஸுக்கு என்ன கூலி, பசை எதில் காய்ச்சுவார்கள், மழைக்காலத்தில் ஒட்டின பெட்டியை எங்கே காயவைப்பார்கள் என்று வரிசையாகச் சொல்வார். நடுநடுவே வேலைக்கு நடுவில் பாடிய பாட்டும் வரும். அவருடைய பேரன் ஆசையாகப் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். ஒரு மணி நேரப் பதிவு. அதில் தெளிவாகக் கேட்பது சீலிங் ஃபேன்தான். ஆச்சி தூரத்தில் எங்கேயோ முணுமுணுக்கிறார். பாட்டு வந்த இடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. போன தை மாசம் ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பதிவை மூன்று முறை காதோடு வைத்துக் கேட்டுவிட்டேன், பாட்டின் இரண்டாவது அடி இன்னும் பிடிபடவில்லை. இதற்காகத்தான் மைக்.

லினக்ஸ் எப்படி வந்தது என்றால், அதுவும் நம் ஊர்க் கதைதான். 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது நினைவிருக்கும். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் ஏற்றிக் கொடுத்தார்கள். சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. இயங்குதளம் என்றால் கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருள். எனக்குத் தெரிந்த வீடுகளில் ஒரு பிள்ளைகூட அந்த 'பாஸ்' பக்கம் போனதில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களை லினக்ஸிலேயே நடத்துகிறார்கள். நம் எல்காட் நிறுவனமும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வேகமாகத் திரும்பியது. பிறகு அந்த வேகம் நிற்கவில்லை. அது தனிப் பதிவாக எழுதவேண்டிய வருத்தம்.

என் அண்ணன் பேரனுக்குக் கிடைத்த லேப்டாப் பரணில் கிடந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. புது விண்டோஸ் அந்த மெலிந்த உடம்புக்குத் தாங்காது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில் எடை குறைந்த வகை ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஏற்றினான், வண்டி ஓடுகிறது. காசு ஒரு பைசா இல்லை. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. 2012-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான்.

இனி மைக் விஷயம். யூ.எஸ்.பி மைக் என்றால் என்ன என்பதை என் தொழில் வழியாகச் சொல்கிறேன். வீட்டுச் சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் எந்தக் கம்பெனி என்று பிளக் பாயிண்ட் கேட்பதில்லை. துளையின் அளவும் வோல்டேஜும் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. யூ.எஸ்.பி வழியாகச் சத்தம் எப்படிப் போகவேண்டும், வரவேண்டும் என்பதற்கும் அப்படி ஒரு பொதுக் கணக்கு உண்டு. 1998-இல் வகுத்தார்கள். 'யூ.எஸ்.பி ஆடியோ கிளாஸ்' என்று பெயர். அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்ட மைக்கை 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்பார்கள். பெட்டியிலோ விவரப் பக்கத்திலோ இந்தச் சொல்லைத் தேடுங்கள். 'டிரைவர் தேவையில்லை' என்று போட்டிருந்தாலும் சரி. லினக்ஸின் கருவுக்குள்ளேயே இந்தக் கணக்கு இருக்கிறது; செருகியதும் மைக்கை அடையாளம் கண்டுகொள்ளும். இந்தக் கணக்கின் இரண்டாம் பதிப்பை லினக்ஸ் 2010-லேயே கற்றுக்கொண்டுவிட்டது. விண்டோஸ் அதைத் தானாகப் புரிந்துகொண்டது 2017-இல். இலவசச் சரக்கு எப்போதும் பின்னால்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது சந்தையில் வருகிற மைக்குகளில் வேறொரு தொல்லை. சத்தத்தைக் கூட்டக் குறைக்க, இரைச்சலை வடிகட்ட, ஏன், விளக்கின் நிறத்தை மாற்றக்கூட ஓர் ஆப் வேண்டும். அந்த ஆப் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான் இருக்கும். சாத்தூரில் ஒரு நண்பர் இப்படி ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். பெயர் வேண்டாம். லினக்ஸில் செருகினால் மைக் தெரிகிறது, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. சத்தத்தைக் கூட்டுகிற திருகு மைக்கில் இல்லை, ஆப்பில் இருக்கிறது. ஆப்புக்கு ஒரு கணக்குத் திறக்கவேண்டும், அதற்கு ஈமெயில் வேண்டும், போன் நம்பர் வேண்டும். என் தொண்டையிலிருந்து வருகிற சத்தத்துக்கு நான் யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்? இன்னும் நாலு வருஷத்தில் கம்பெனி அந்த ஆப்பை நிறுத்திவிட்டால், இரும்பும் கம்பியும் நன்றாக இருக்கும்போதே மைக் செத்துப்போகும். லினக்ஸில் பார்த்து வாங்கினால் இந்த வலையில் விழமாட்டோம் என்று நான் சொல்வது இதனால்தான். திருகு, பொத்தான் எல்லாம் மைக்கின் உடம்பிலேயோ கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கிலேயோ இருக்கவேண்டும்.

அடுத்து டைனமிக்கா, கண்டென்சரா என்ற கேள்வி. யூடியூபில் பார்க்கிற பளபளப்பான மைக்குகள் பல கண்டென்சர் வகை. குண்டூசி விழுந்தாலும் பிடிக்கும். குண்டூசி விழுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதியான வீடு நம்மில் யாருக்கு இருக்கிறது? கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். பேசினால் குரல் பந்து மாதிரி திரும்பி வருகிறது. மேலே ஃபேன். நாற்கரச் சாலையில் லாரி ஹாரன். வெடி வேறு. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி, தேர்தலுக்கும் வெடி. எந்த மைக்கும் வெடியை மறைக்காது, ஆனால் மற்ற இரைச்சலுக்கு டைனமிக் மைக் கொஞ்சம் செவிடு. பக்கத்தில் பேசுவதைத்தான் பிடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி போதும். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேர்கிற ஒலியின் சக்தி கால்வாசியாகிவிடும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி மைக் சாஸ்திரம் தெரிந்த மாதிரி.

நம்பி வாங்கலாம் என்று நான் நினைப்பது இரண்டு: சாம்சன் கியூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். இரண்டுமே டைனமிக், இரண்டுமே பொதுக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஹெட்போன் செருகும் துளை மைக்கிலேயே இருப்பதால் பதிவாவதை அப்போதே கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு வசதி, யூ.எஸ்.பியோடு எக்ஸ்.எல்.ஆர் என்கிற மூன்று முள் சாக்கெட்டும் உண்டு. கோயில் கொடைக்கு வருகிற சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சரிலும் இதே மைக்கை மாட்டலாம். என்னிடம் இருப்பது இதில் ஒன்று. யாரும் எனக்குக் கமிஷன் தரவில்லை.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லவேண்டும். வயசானவர்கள் முன்னால் ஸ்டாண்டு போட்டு இந்த மைக்கை வைத்தால் ஆளே மாறிவிடுகிறார்கள். திண்ணையில் "அந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா" என்று பேசிக்கொண்டிருந்தவர், மைக்கைக் கண்டதும் "அக்காலத்தில் எங்கள் தொழிலானது" என்று மேடை ஏறிவிடுகிறார். இடையில் தலையைத் திருப்பி மருமகளிடம் காபி சொல்வார், அந்த வாக்கியம் காற்றோடு போகும். அதனால் நான் பேசுவதற்கு டைனமிக், எதிரே இருப்பவருக்குச் சட்டையில் மாட்டுகிற வயர் காலர் மைக். ஐந்து நிமிஷத்தில் அது இருப்பதையே மறந்துவிடுவார்கள். விலையும் குறைவு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம். பின்னின் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் போனுக்கும், ஒரே துளை உள்ள லேப்டாப்புக்கும். இரண்டு வளையம் என்றால் மைக்குக்கென்று தனித் துளை உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு. இது பொருந்தாமல் 'லினக்ஸில் மைக் வேலை செய்யவில்லை' என்று புலம்புகிறவர்கள் அநேகம். பாவம், லினக்ஸ் என்ன செய்யும்?

புளூடூத் மைக் வேண்டாம். மைக்காகப் பயன்படுத்த ஆரம்பித்ததும் போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும். ஒரு குரல் நிலைக்கவேண்டும் என்றால் கம்பிதான்.

கடையில் சோதிப்பது சுலபம். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துப் போனால், கடைக்காரர் கம்ப்யூட்டரையே அதிலிருந்து எழுப்பலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. மைக்கைச் செருகி, சவுண்ட் செட்டிங்கில் 'இன்புட்' பகுதியைத் திறந்தால் மைக்கின் பெயர் வரவேண்டும். பேசினால் கோடு ஏறி இறங்கவேண்டும். இதற்கு இடம் கொடுக்காத கடையில் நான் வாங்குவதில்லை. ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாளுக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

பதிவு செய்ய ஆடாசிட்டி போதும். அதுவும் கட்டற்ற மென்பொருள். மோனோவில் வையுங்கள், நமக்கு ஒரு வாய்தானே. 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் கணக்கில் ஒரு மணி நேரம் சுமார் 345 எம்.பி. பிடிக்கும். பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து விநாடி யாரும் வாய் திறக்காமல் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். பிறகு இரைச்சலை எடுக்கும்போது மென்பொருளுக்கு அதுதான் அடையாளம். காலர் மைக்கில் 'உம்ம்' என்று ஓர் அடிக்குரல் தொடர்ந்து வந்தால், அது பெரும்பாலும் நம் வாரியத்து 50 ஹெர்ட்ஸ்தான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள், போய்விடும். எர்த் சரியில்லாத வீட்டில் இது கட்டாயம் வரும். எர்த்தைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை வருஷம் வீடு வீடாகச் சொல்லியிருப்பேன், கேட்டால்தானே.

போனிலேயே நன்றாக வருகிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பக்கத்தில் வைத்து, அழைப்பு வராமல் நிறுத்திவிட்டுப் பதிந்தால் நன்றாகவே வரும். ஆனால் அந்தப் பதிவு போனோடுதான் இருக்கும். போன் தண்ணீரில் விழும், மாற்றும்போது விட்டுப்போகும். கம்ப்யூட்டரில் பதிந்தால் அன்றைக்கே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து அவர்கள் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிவகாசியிலிருந்து ஒருவர் வருகிறார். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராக இருந்து, பிறகு ஆஃப்செட்டுக்கு மாறி, காலண்டர் சீசனில் ராத்திரி பகலாக நின்றவர். ஃபேனை நிறுத்தினால் பேசமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். காலர் மைக்குக்கு ஒரு பஞ்சுக் குல்லா வாங்கி வைத்திருக்கிறேன்.