காணாமல் போன கரை

அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். ப்ளஸ் ஒன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆன பிறகு அக்கா சொன்னாள்: "வண்டியைத் திண்ணையிலேயே வை. ரோட்டுல ஓட்டக்கூடாது!"

நியாயம்தான். திருவரங்குளம் வழியாகப் போகும் புதுக்கோட்டை - ஆலங்குடி ரோட்டில் பஸ்கள் வருகிற வேகத்துக்கு, சைக்கிளை ஓரமாக நிறுத்தி வைத்தாலே பயமாக இருக்கும்.

"கண்மாய்க் கரை மேல போயேன்" என்றேன்.

"எந்தக் கரை, மாமா?"

போய்ப் பார்த்தேன். கரையைக் காணோம்! கரை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.

இதே கரையில்தான் அம்மா சைக்கிள் பழகினாள். அறிவொளி இயக்கக் காலம். 1991-ல் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நம் பெண்கள் அசரவில்லை, பார் வைத்த சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று, கொடி கட்டிய சைக்கிளில் 1,500 பெண்களுக்கு மேல் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையைக் கலக்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தது. அம்மாவின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் அடியேன். (அப்போது தொப்பை கிடையாது.)

அம்மா ஓட்டிய கரையில் பேத்தி ஓட்ட முடியாதா? ரோஷம் வந்துவிட்டது. ஊராட்சியில் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேர் அரிவாளோடு கிளம்பினோம். டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்!

மதியத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினோம். ஒரே பெருமை. சில வாரம் கழித்துப் போனால், ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுத் துளிர்! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "தம்பிகளா, நீங்க அதுக்கு முடிதான் வெட்டி விட்டிருக்கீங்க. தூரோட தோண்டுங்க. தோண்டின குழியை மண்ணுபோட்டு இடிச்சு மூடுங்க. இல்லாட்டி மழையில கரை போயிடும்."

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் தடித்த டயர் சைக்கிளில் டமால்பைஸ் மலைச்சரிவில் இறங்கி விளையாடினார்கள். மவுண்டன் பைக் பிரபலமானது அப்படித்தான். அவர்கள் உயிராக நினைக்கிற 'சிங்கிள் ட்ராக்' வேறொன்றுமில்லை ஸார், நம்ம ஒற்றையடிப் பாதை! அதைப் பராமரிக்க அவர்கள் சொல்கிற முதல் விதி: தண்ணீர் பாதையில் நிற்கவும் கூடாது, பாதையோடு ஓடவும் கூடாது. பக்கவாட்டில் வழிந்து போய்விட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் சக்கரத் தடம் வாய்க்காலாகிவிடும்.

பெரியவரிடம் சொன்னேன். "மாட்டு முதுகு மாதிரி மண்ணை அணைச்சு விடுங்கனு சொல்லிட்டுப் போறதுக்கு, எதுக்குத் தம்பி அமெரிக்கா?" என்றார்.

ஏழு ஞாயிறு ஆயிற்று. மரத்தை வெட்டியதைவிட, கீழே கிடந்த முள்ளைப் பொறுக்கியதுதான் பெரிய வேலை. இப்போது கலிங்கு வரைக்கும் பாதை ரெடி. அக்கா மகளும் நாலு சிநேகிதிகளும் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள்.

அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "முள்ளு எப்படா முளைச்சுது?"

யோசித்தேன். நாங்கள் ஐந்து பேரும் மோட்டார் பைக் வாங்கி, கரைப்பக்கம் வருவதை நிறுத்திய பிறகுதான்! கருவேலம் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் காலி பண்ணிக் கொடுத்த இடத்தில் குடி வந்தது, அவ்வளவுதான்.

"மறுபடி முளைக்காம இருக்க என்ன பண்ணப் போறே?"

"தினமும் சைக்கிள் போகணும்மா."

"சரி, உன் சைக்கிள் எங்கே?"

பரணில் இருக்கிறது. இந்த ஞாயிறு இறக்குகிறேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட யாராவது இருந்தால் சொல்லுங்கள்.