ஓட்ட இனிக்கும் வண்டியும் கைவிடாத வண்டியும்

சங்கத்தின் நிர்வாகக் குழு முன் வரும் கடன் மனுக்களில், தறிச் சாமானுக்கும் விதை உரத்துக்கும் கேட்பவை போக, மற்றவற்றுள் பெரும்பாலானவை இக்காலத்தில் இரு சக்கர மோட்டார் வண்டிக்காக எழுதப்படுபவை. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நூற்கட்டை வாங்கிச் செல்லவும், நெய்த உருப்படியைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும், பொழுது விடியுமுன் கீரையையும் கத்தரிக்காயையும் நகரத்துப் பெரிய மார்க்கெட்டில் சேர்க்கவும், வண்டியில்லாமல் காலந்தள்ளுவது அரிதாகிவிட்டது. ஆகவே வண்டி வேண்டுமா என்ற கேள்வி தீர்ந்துபோயிற்று. எந்த வண்டி என்ற கேள்விதான் இப்போது சங்கத் திண்ணையை இரண்டு கட்சியாகப் பிரித்திருக்கிறது.

முதியோர் கட்சி சொல்வது இது: வண்டி என்பது உழவு மாட்டைப் போன்றது, வேலை செய்தால் போதும், அழகும் வேகமும் நமக்கு எதற்கு? இளைஞர் கட்சி சொல்வது வேறு: பகல் முழுவதும் குழித்தறியில் கால் விட்டுக் குனிந்து உட்கார்ந்திருப்பவன், சாலையில் போகும் அரைமணி நேரமாவது நிமிர்ந்து மகிழ்ச்சியாகப் போகலாகாதா? நாம் முடிவில் முதியோர் பக்கமே சாய்கிறோம். ஆனால் அவர்கள் கூறும் காரணத்தை நாம் ஏற்கவில்லை. உழைப்பவனுக்கு இன்பம் எதற்கு என்ற பேச்சு கூட்டுறவாளர் வாயில் வரத்தக்கதன்று. இளைஞர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான விடை கூற வேண்டும்.

ஓட்டும் இன்பம் என்பது வெறும் பகட்டு என்று எண்ணுவோர், பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை ஒருவர் கிளப்புவதைப் பார்த்ததில்லை போலும். இராணுவத்தின் தேவைக்காக வரவழைக்கப்பட்ட அந்த வண்டியை, 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி இங்கேயே பூட்டத் தொடங்கியது. பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முழுவதும் செய்யலாயிற்று. இங்கிலாந்தில் அதைப் பெற்றெடுத்த கம்பெனி 1970ஐ ஒட்டி மறைந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளை நிலைத்துவிட்டது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அதை உதைத்துக் கிளப்புவதே ஒரு கலை. கிக்கரை மெல்ல அழுத்தியபடி விளக்குக் கூண்டின் மேலுள்ள அம்பியர் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் சிறு நெம்புகோலைப் பிடித்து எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றி, பிஸ்டனை மயிரிழை தள்ளி, பின் நெம்புகோலை விட்டு ஓர் உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். முறை தெரிந்தவனுக்கோ, கண்ணை மூடிக்கொண்டு அறுந்த பாவு இழையைப் பிணைக்கும் நெசவாளியின் பெருமிதம் அதில் கிடைக்கும். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்னொரு ருசி. கனமில்லாத உடல், முறுக்கிய கணத்தில் பாயும் எஞ்சின். உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைத் தேடித் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து நம் ஊருக்குத் திரள் திரளாக வருகிற மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்தால், வந்து சேர்வதைக் காட்டிலும் வருவதையே அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்பது விளங்கும். இதில் குற்றம் எதுவும் இல்லை.

இனி மறுபக்கம். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க மொபெட் என்று அது பெயர் பெற்றாலும், நம் மக்கள் அதில் இருவரை மட்டுமா ஏற்றினார்கள்? நெல் மூட்டை, பால் கேன், வாழைத்தார், நூல் பொதி எல்லாம் ஏறின. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் இன்றும் நம் ஊர்ப்புறத்தின் பாரவண்டி. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபோது, பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருள்பட விளம்பரம் செய்தார்கள். வண்டியை மறந்துவிடலாம் என்பதே அதன் சிறப்பாம்! இன்பத்தை நாடுபவனுக்கு இதைவிடச் சப்பென்ற வாக்குறுதி இருக்க முடியாது. ஆயினும் நாடு முழுவதும் அவ்வண்டியை வாங்கியது. காரணம் என்ன?

இதற்கு விடை தேட, நம் ஊரின் பழைய வாகனம் ஒன்றை நினைவுகூர விரும்புகிறோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தெருக்களில் பூஸ்-பூஸ் என்ற தள்ளுவண்டி ஓடியது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குத் தள்ளு தள்ளு என்று பொருள். ஏறி அமர்ந்த துரை முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்புவார். கூலியாள் பின்னால் நின்று தள்ளுவான். வழியைத் தேர்ந்தெடுக்கும் இன்பம் முன்னவருக்கு, மூச்சு வாங்குவது பின்னவனுக்கு. குழியில் சக்கரம் இறங்கினால் யார் திட்டு வாங்கியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டி தெருவை விட்டு மறைந்துவிட்டது. ஆனால் பின்னால் நின்று தள்ளுகிறவர்களும் மறைந்துவிட்டார்களா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நேரில் கண்ட சம்பவம் ஒன்று. நகரின் வடபுறத்தில் உள்ள நெசவாளர் குடும்பம்; தந்தையும் தாயும் தறியில், மகன் வெளிவேலை பார்ப்பான். தந்தை கையொப்பமிட்ட ஜாமீனில் மகன் ஒரு கனமான மோட்டார் சைக்கிளைப் பழையதாக வாங்கினான். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. அதன் ஒலி அவனுக்குப் பிடித்திருந்தது. வாங்கியதற்கு அவன் சொன்ன காரணம் அவ்வளவே. ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், எட்டுச் சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்தாக வேண்டும். அன்று மாலையுடன் பண்டிகைக் கணக்கு முடிகிறது. மழை. வண்டி கிளம்பவில்லை. மகன் பட்டறையில் மூன்று மணி நேரம் நின்றான். தந்தை பொறுக்கமாட்டாமல் சேலைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது அவருக்குத் தெரியாது. தரம் பார்க்கும் மேசையில் விரித்தபோது இரண்டு சேலைகளில் சாயம் கசிந்து கறை பட்டிருந்தது. அவை இரண்டாந்தரம் என்று எழுதப்பட்டன, கூலி குறைந்தது. மறுநாள் அவ்வம்மையார் நம்மிடம் சொன்னார்: "அவன் மேல் எனக்குக் கோபமில்லை ஐயா. வண்டிச் சத்தம் கேட்கும், கேட்கும் என்று நான்கு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

இந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நமக்கு விஷயம் தெளிவாயிற்று. ஓட்டும் இன்பம் ஓட்டுகிறவன் ஒருவனுக்கே உரியது. அதை அவன் பின்னிருக்கையில் இருப்பவருக்குக்கூடப் பகிர்ந்தளிக்க முடியாது. வண்டி கைவிடாமல் ஓடுவதன் பயனோ, வாசலில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் சேருகிறது. தவணை கட்டுவதும் அவ்வாறே. ஒருவர் பெயரில் உள்ள கடனைக் குடும்பமே அடைக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, தறிக்குழியில் நீர் ஊறும், கூலி பாதியாகும். தவணைத் தேதி மட்டும் மழைக்கு நிற்பதில்லை.

பெட்ரோல் கணக்கையும் பார்ப்போம். பாகூர்ப் பக்கத்திலிருந்து நகரத்துக்குச் சுமார் 20 கி.மீ. போக வர 40. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டி ஒன்று, 35 கி.மீ. தரும் வண்டி ஒன்று என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாள் ஓட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 12 லிட்டர். இதை நாம் பெரிதாக்கவில்லை. மகிழ்ச்சிக்கென்று மாதம் 12 லிட்டர் செலவிட ஒருவர் மனமறிந்து துணிந்தால் அது அவர் உரிமை. கணக்கறியாமல் செலவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

இவ்விடத்தில் முதியோர் கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கைவிடாத வண்டி என்று கருதுவது, ஒருபோதும் பழுதாகாத வண்டியை. அப்படி ஒன்று உலகில் இல்லை. பழுதானால் எங்கே, எவரால், எத்தனை மணியில் சரியாகும் என்பதையும் சேர்த்துத்தான் உறுதியை அளக்க வேண்டும். பழைய புல்லட் அடிக்கடி மக்கர் செய்யும். ஆனால் பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும், கார்புரேட்டரைக் கழற்றி ஊதவும் தெரிந்த ஒருவர் புளியமரத்தடியிலேயே அதைக் கிளப்பிவிடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் புகைக்கட்டுப்பாட்டு விதி கடுமையாயிற்று. அதனால் இன்று எக்ஸ்.எல். மொபெட்டில்கூடக் கார்புரேட்டர் போய், மின்னணுக் கருவி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. அது கெடுவது அபூர்வம். கெட்டாலோ மரத்தடி மெக்கானிக்கால் ஆகாது. கோளாறைப் படிக்கும் கருவி உள்ள பட்டறைக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே வாங்குமுன் விலைப் பட்டியலைப் பார்ப்பதோடு, அந்த வண்டிக்குரிய பட்டறை தம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், உதிரி பாகம் அன்றே கிடைக்குமா என்று விசாரிப்பது அவசியம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க மாட்டார். தெருவெல்லாம் வெள்ளம், இன்ப வண்டி, உறுதி வண்டி என்ற பேதமின்றி எல்லாம் மூழ்கின. வடிந்ததும் பலர் செய்த தவறு, உடனே கிளப்பிப் பார்த்தது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால், காற்றைப் போல அது சுருங்காது. பிஸ்டன் முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். பேச்சுவாக்கில் இதையும் சொல்லி வைக்கிறோம். கடலோர ஊராகையால் உப்புக்காற்று சங்கிலியையும் ஆரக்கம்பியையும் தின்னும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது நலம். கவனித்தால், தம் வண்டியை நேசிப்பவர்தான் இவற்றைத் தவறாமல் செய்கிறார். மறந்துவிடலாம் என்று வாங்கியவர் மறந்தே விடுகிறார். இளைஞர் கட்சிக்கு நாம் விட்டுக்கொடுக்கும் பெரிய இடம் இது: பிடித்த வண்டி பேணப்படுகிறது, பேணப்படும் வண்டி நெடுநாள் உழைக்கிறது.

இரண்டும் ஒரே வண்டியில் அமையாதா என்றால், அமைந்ததுண்டு. பிரெஞ்சு நாட்டில் சித்ரோன் கம்பெனி உழவர்களுக்கென ஒரு சிறு காரை வகுத்து, 1948இல் பாரீஸ் கண்காட்சியில் வெளியிட்டது. இரண்டு குடியானவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையலாகாது என்பது அதை வரைந்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளை என்பார்கள். பார்த்தவர்கள் தகர டப்பா என்று சிரித்தார்கள். ஆயினும் 1990 வரை அது தயாரிக்கப்பட்டது. சந்தைக்குப் போகும் கார் என்று பிறந்தது, பின்னர் இளைஞர்கள் ஆசையோடு ஓட்டும் காராகவும் ஆயிற்று. முட்டைக்கூடையை முதலில் நினைத்துச் செய்யப்பட்ட வண்டியில் இன்பம் தானாக வந்து ஏறிக்கொண்டது என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். வீட்டுக்கு ஒரே வண்டி, அதுவும் சங்கக் கடனில் என்றால், அது நூலையும் காய்கறியையும் சுமந்து தவறாமல் திரும்பும் வண்டியாகவே இருக்க வேண்டும். அத்தகைய வண்டிகளுக்குள் கைக்கும் காலுக்கும் இசைந்தது எது என்று, இரண்டு மூன்றை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசை வண்டி வேண்டுவோர் அதை இரண்டாவதாக, கடனின்றித் தம் சேமிப்பில் வாங்கட்டும். மேலே சொன்ன இளைஞனும் அவ்வாறே செய்தான். பழைய மோட்டார் சைக்கிளை அவன் விற்கவில்லை. மறு ஆண்டு ஒரு மொபெட் வாங்கினான். தந்தையின் உருப்படிகள் இப்போது அதில் வருகின்றன. பெரிய வண்டி தாழ்வாரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அவன் அதைத் துடைத்து, பாகூர் ஏரிக்கரை வரை போய் வருகிறான்.

கடன் மனுத்தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அடுத்த மகாசபையில் பிரேரேபிக்க எண்ணியுள்ளோம்: "இவ்வண்டி ஒரு நாள் ஓடாமல் நின்றால், வீட்டில் எந்த வேலை நிற்கும்?" இதற்கு விடை எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் மனுதாரர் அல்லர், வீட்டிலுள்ள மற்றொருவர் என்பதும் நம் யோசனை. இதைக் கேட்ட காரியதரிசி, அப்படியானால் மனுக்கள் பாதியாகக் குறைந்துவிடும் என்று சிரிக்கிறார். அங்கத்தினர்கள் தங்கள் அபிப்பிராயத்தை இம்மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம்.