கிண்டிப் புல்தரையும் 614 ரூபாய்க் குத்தகையும்

கோல்ப் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. ஒரு சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளுவதுதான் அதன் இரகசியம். இதற்குப் பதினெட்டுக் குழியும் நூறு ஏக்கர் போல நிலமும் வேண்டுமாம். நம் பையன்கள் கோலிக்குண்டு ஆட மூன்று முழம் போதும். அதற்கே திண்ணைக்காரன் துரத்துகிறான்.

சென்னையில் 1832-ல் மதராஸ் கிளப் ஏற்பட்டது. வெள்ளைத்தோல் இல்லாதவன் அன்று அதில் அங்கத்தினனாக முடியவில்லை. நம்மவரும் வெள்ளையரும் கலந்திருக்க வென்று 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது. 1884-ல் ஜிம்கானா கிளப் வந்தது. இந்த ஜிம்கானாக் கனவான்கள்தான் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்திற்குள் தலைமுறை தலைமுறையாகக் கோல்ப் ஆடிவந்தவர்கள்.

1947-ல் வெள்ளைக்காரன் கப்பலேறினான். அவன் கால்சட்டையை மட்டும் நம் கனவான்கள் விடவில்லை. 2014 ஜூலையில் ஹைகோர்ட்டு நீதிபதி அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்காக, சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்கக் கிளப்புக்கு வேட்டியுடன் போனார். வாசலிலேயே தடுத்து விட்டார்கள். ஜட்ஜுக்கே இந்தக் கதியானால் பிள்ளைப்பாக்கத்துக் குடியானவனுக்கு என்ன கதி? மறுமாதமே சட்டசபையில் சட்டம் செய்தார்கள். வேட்டி உள்ளே போக வழி பிறந்தது. அதைக் கட்டியவன் அங்கத்தினனாக வழி பிறக்கவில்லை.

"எங்கள் இடம், எங்கள் இஷ்டம்" என்பார்கள். யார் இடம்? புரட்டே இங்கேதான் இருக்கிறது. கிண்டி மைதானம் சர்க்கார் நிலம். 160 ஏக்கர் 86 சென்ட். 1946 முதல் 99 வருஷத்துக்கு ரேஸ் கிளப்புக்குக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய்ச் சில்லறை! அதாவது ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலும் 99 வருஷக் குத்தகைதான். ஆனால் அங்கே ஆலைக்காரன் தொகையை முதலிலேயே கட்டவேண்டும். சொன்ன காலத்தில் ஆலை எழுப்பாவிட்டால் நிலமும் கைவிட்டுப் போகும்.

1970-ல் சர்க்கார் வாடகையை உயர்த்தியது. கனவான்கள் கொடுக்க மறுத்து வழக்காடினார்கள். 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைக் கட்டும்படி 2023 மார்ச்சில் ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து வாசலுக்குப் பூட்டுப் போட்டது. வீட்டு வரி பாக்கிக்கு ஏழையின் சட்டி பானையை ஜப்தி செய்யும்போது வாய் திறவாத பெரிய மனிதர்கள், உடனே கோர்ட்டுக்கு ஓடி, போதிய முன்னறிவிப்பு இல்லை என்று முறையிட்டார்கள். 1970 முதல் 2024 வரை 54 வருஷம். இன்னும் எத்தனை வருஷ முன்னறிவிப்பு வேண்டுமாம்?