சிரிப்புப் படம்தானே என்று விட்டுவிடலாமா?

மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி. இந்தப் பெயர்களை உங்க வீட்டுத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்க. முதலில் சிரிப்பார். பிறகுதான் பேசுவார்.

ராமதாஸ், ராஜகோபால், செல்வசேகரன், அப்துல் ஹமீது நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகம், 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாக வந்தது. முஸ்லிம்கள் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் வாயில் வரும் தமிழ் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுதான் அதில் பகிடி. எங்கள் குழுவில் ஒருத்தர்கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அதற்கு முந்தின வருசம் தொழிற்சங்கக்காரர் வி.பி.கணேசன் எடுத்த ‘புதிய காற்று’ நம்ம தோட்டத்துக் கதை. அதையும் பார்த்ததில்லை.

1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். சிங்களப் படம், தமிழ்ப் படம் என்று பார்க்காமல் சுருள்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகு இந்தக் காலத்தைத் தாங்கி நிற்பது சில தனியாட்களின் பெட்டிகள்தான்: வானொலியில் பதிந்த கேசட், பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ்.

பசறைப் பக்கம் ஒரு லயத்தில் அப்படியொரு தகரப் பெட்டியைப் பார்த்தோம். கேட்டதும் அந்த ஐயா மூடிவிட்டார். “குடுத்தா திரும்பி வராது தம்பி. முன்னயும் வந்து கொண்டுபோனாங்க.”

சேகரிப்பாளர்கள் எதையும் வெளியே விடமாட்டார்கள் என்று குறை சொல்வது லேசு. ஆனால் அவர் பெட்டியை மூடியதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, நம்மைப் போலப் படித்தவர்கள் செய்த வேலை. வாங்கிப்போய்க் கட்டுரை எழுதிப் பெயர் எடுத்தார்கள், பொருளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். பொருளை வீட்டைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து போனில் படம் எடுப்போம், ஒலியைப் பதிவோம். பிரதியில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், அவர் சம்மதித்தால் மட்டும், எழுதுவோம். 2005இலிருந்து இயங்கும் நூலகம் போன்ற இணையச் சேகரங்களுக்குக் கொடுப்பதையும் அவரிடம் கேட்டே செய்வோம்.

சோகக் கதை என்றால் ஆவணம், பகிடி என்றால் பொழுதுபோக்கு என்று நாமே தரம் பிரித்துவிட்டோம். ஆனால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த சனம் ராத்திரி எதைக் கேட்டுச் சிரித்தது என்பதும் வரலாறுதான்.

கொழும்பில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு ஊருக்கு வருவீங்கதானே? ஒரு பின்நேரம் ஒதுக்குங்க. பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாத்தா இருக்கிறார். கேட்டுப் பதிந்து வையுங்க.