ஆட்டோமேட்டிக்காக ஓடும் வேலை... நடுவில் அடைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறந்தால், மறுநாளே வயலில் தண்ணீர் நிற்கும் என்று டெல்டாவில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கல்லணைக்கு வர வேண்டும். ஆறு ஆறாகப் பிரிய வேண்டும். வாய்க்காலில் ஏறி, கிளை வாய்க்காலுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஏதோ ஓரிடத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தலைமடைக்காரருக்குத் தெரியாது. கடைமடைக்காரருக்குத்தான் தெரியும்; அதுவும் தாமதமாக.

குடமுருட்டித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த பாபநாசத்துக்காரர்களுக்கு இது பாலபாடம். (கமல் படத்தில் வந்த பாபநாசம் திருநெல்வேலிப் பக்கம். இது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம்.) இதே பாடத்தைத்தான் உலகின் பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்களும் இப்போது படித்துக்கொண்டிருக்கின்றன. அலுவலக வேலைகளைத் தானாக ஓடவைக்கும் 'வொர்க்ஃப்ளோ' சாஃப்ட்வேர்களில் சமீபகாலமாக வரும் வசதிகளில் பல, புதிதாக ஓடவைப்பதற்கானவை அல்ல. ஓடுகிறதா, நின்றுவிட்டதா, எங்கே நின்றது என்று பார்ப்பதற்கானவை.

வொர்க்ஃப்ளோ என்றால் என்ன?

பாபநாசம் கடைவீதியில் ஒரு விதை, உரக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விவசாயிகள் மொபைலிலேயே கூகுள் படிவத்தில் ஆர்டர் போடலாம் என்று கடைக்காரர் ஏற்பாடு செய்கிறார். ஆர்டர் வந்தவுடன் அது ஒரு ஷீட்டில் ஏற வேண்டும். ஸ்டாக்கில் ஒரு மூட்டை குறைய வேண்டும். 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று விவசாயிக்கு எஸ்.எம்.எஸ் போக வேண்டும். விதை வந்து இறங்கியதும் இன்னொரு எஸ்.எம்.எஸ். மூன்று நாளில் அவர் வந்து வாங்காவிட்டால் ஒரு நினைவூட்டல்.

இத்தனையையும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்தால் பாதி நாள் போய்விடும். 'இது நடந்தால், அடுத்து அதைச் செய்' என்று ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால் சாஃப்ட்வேரே செய்துவிடும். முதலில் நடப்பதற்கு 'ட்ரிக்கர்' என்று பெயர். தொடர்ந்து நடப்பவை 'ஆக்‌ஷன்'. இந்தச் சங்கிலிதான் 'ஃப்ளோ'. இது கடையின் கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்வரில், அதாவது கிளவுடில் ஓடுகிறது. கடை ஷட்டரை இழுத்து மூடினாலும், கரன்ட் போனாலும் வேலை நடக்கும்.

அமெரிக்காவில் ஸேப்பியர் நிறுவனம் 2011-ல் இந்த வசதியோடு கிளம்பியது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ' என்று கொண்டுவந்து, 2019-ல் 'பவர் ஆட்டோமேட்' எனப் பெயரை மாற்றியது. இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. சென்னையில் இருந்து 2012-ல் வந்தது 'கிஸ்ஃப்ளோ'. 'ஸோஹோ ஃப்ளோ' 2018-ல் வந்தது. ஸோஹோவை 1996-ல், அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில், தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருந்தே அந்த நிறுவனம் உலகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறது.

சத்தமே இல்லாமல் நிற்கும்!

சிக்கல் எங்கே வருகிறது? நம் உரக்கடைக்கு ஒரு போன் வருவதாக நினைத்துப் பாருங்கள்.

"ஏன் தம்பி, நம்ம சி.ஆர்.1009 விதை வந்துச்சா இல்லையா?"

"வந்து ஒரு வாரம் ஆச்சே ஐயா. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே?"

"ஒரு மெசேஜும் வரலையேப்பா. நான் நாத்து விட நாள் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மெசேஜ் போயிருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறார். ஆனால், ஃப்ளோ ஒரு வாரமாக நின்றுகிடக்கிறது. வேலையாள் லீவு போட்டால் கல்லாவில் இருந்தே தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் லீவு போட்டால் வெளியே தெரிவதில்லை.

ஏன் நிற்கிறது? காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. யாரோ கடையின் மெயில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். ஷீட்டுக்கும் ஃப்ளோவுக்கும் இருந்த இணைப்பு அறுந்திருக்கும். ஷீட்டில் 'செல் நம்பர்' என்று இருந்த தலைப்பை ஒருவர் 'மொபைல்' என்று அழகாகத் திருத்தியிருப்பார். சாஃப்ட்வேருக்கு அந்தக் கட்டம் தெரியாமல் போயிருக்கும். மாதத்துக்கு இத்தனை முறைதான் என்ற இலவச அளவு தீர்ந்திருக்கும்.

இந்தியாவுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. வியாபார எஸ்.எம்.எஸ் அனுப்ப வேண்டுமானால், டிராய் விதிகளின்படி அனுப்புபவரின் பெயரையும் மெசேஜின் வாசகத்தையும் 'டி.எல்.டி' தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாவிட்டால் மெசேஜ் வழியிலேயே நிறுத்தப்படும். 'விதை வந்துவிட்டது' என்பதை 'விதைகள் வந்துள்ளன' என்று ஆசையாக மாற்றினால்கூட மெசேஜ் போய்ச் சேராமல் போகலாம்.

இப்போது என்னென்ன வசதிகள்?

முதலாவது, ரன் ஹிஸ்டரி. ஃப்ளோ எப்போது ஓடியது, எந்தப் படி வரை போனது, எங்கே நின்றது என்று வரிசையாகக் காட்டும் பக்கம் இது. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். களஞ்சியம் எவ்வளவு பெரிதானாலும் வரவு செலவுக் கணக்கு இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஃப்ளோவுக்கு அந்தக் கணக்குதான் ரன் ஹிஸ்டரி. பவர் ஆட்டோமேட்டில் பொதுவாக 28 நாள்களுக்கு உரிய விவரம் தெரியும். மாதம் ஒருமுறையாவது பார்க்காவிட்டால் பழையது போய்விடும்.

இரண்டாவது, தோல்வி அறிவிப்பு. ஃப்ளோ நின்றால் அதன் உரிமையாளருக்கு மெயில் வரும். பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ 14 நாள்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால், அதை அணைத்தே விடுகிறது. அந்த எச்சரிக்கை மெயில், யாரும் திறக்காத மெயில் பெட்டிக்குப் போனால் பயனில்லை.

மூன்றாவது, மறுபடி ஓட்டுவது. நின்றுபோன ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டியதில்லை. கோளாறைச் சரிசெய்துவிட்டு, தோற்றுப்போனவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: பவர் ஆட்டோமேட்டில் இப்படிச் செய்தால் ஃப்ளோ முதல் படியில் இருந்து ஓடும். ஸ்டாக் குறைந்த பிறகு எஸ்.எம்.எஸ் படியில் நின்ற ஆர்டரை மறுபடி ஓட்டினால், ஸ்டாக் இரண்டாம் முறையும் குறையும். பணம் அனுப்பும் ஃப்ளோவாக இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போக வாய்ப்புண்டு. எது வரை நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

நான்காவது, பழைய பதிப்புக்குத் திரும்புவது. நேற்று வரை நன்றாக ஓடியதை இன்று யாரோ நோண்டிக் கெடுத்துவிட்டால், பதிப்பு வரலாற்றில் போய் நேற்றைய வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கூட்டு உரிமை. சின்னக் கடைகளில் அதிகம் அடிபடும் இடம் இது. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் தன் சொந்த மெயிலில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருப்பான். அவன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டால், ஃப்ளோவும் அவனோடு போய்விடும். ஒரு ஃப்ளோவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்களைச் சேர்க்கும் வசதி இதற்காகத்தான்.

ஏ.ஐ-யும் வந்திருக்கிறது. 'ஆர்டர் வந்தால் ஷீட்டில் ஏற்று, மெயில் அனுப்பு' என்று எழுதினாலே, ஃப்ளோவைக் கட்டிக் கொடுக்கிறது பவர் ஆட்டோமேட்டில் உள்ள கோபைலட். கட்டுவது சுலபமாகிவிட்டதால் ஃப்ளோக்கள் பெருகும். பெருகப் பெருக, பார்த்துக்கொள்ள வேண்டிய மடைகளும் கூடும்.

நெல் கொள்முதலிலும் இதே சங்கிலி

கம்ப்யூட்டரையே தொடாத விவசாயிக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கான ஆன்லைன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி பதிவு செய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். எந்த நாளில் நெல்லைக் கொண்டுவரலாம் என்று மொபைலுக்குத் தகவல் வர வேண்டும். ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ மூட்டைகளாக எடை போட்டு, கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும்.

இதுவும் ஒரு ஃப்ளோதான். சில படிகளைக் கம்ப்யூட்டர் செய்கிறது. சில படிகளில் மனிதர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு படி நின்றால் அடுத்தது நடக்காது. மொபைல் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் தேதி வந்து சேராது. வங்கிக் கணக்கு எண் பிசகினால் பணம் நிற்கும்.

உரக்கடையில் மெசேஜ் தவறினால் ஒரு போனில் சமாளித்துவிடலாம். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம். ஒரு இரவு மழை பெய்தால் அந்த வரம்பு தாண்டிவிடும்; இன்னும் இரண்டு நாள் போனால் நெல் முளைவிடும். அதனால், பதிவு செய்ததோடு இருந்துவிடாமல், ஒப்புதல் ஆகிவிட்டதா என்று ஓரிரு நாளில் விசாரித்துவிடுவது நல்லது. பதிவின்போது கொடுத்த மொபைல் எண்ணையும் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ரசீதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க...

* ஃப்ளோவைக் கடையின் மெயில் கணக்கில் அமையுங்கள். ஊழியரின் சொந்தக் கணக்கு வேண்டாம். உரிமையாளர் இருவராவது இருக்கட்டும்.

* தோல்வி அறிவிப்பு, தினமும் திறந்து பார்க்கும் மெயிலுக்கு வரட்டும்.

* பாஸ்வேர்டு மாற்றினாலோ, ஷீட்டின் தலைப்பு மாற்றினாலோ, அன்றே ஃப்ளோவையும் சோதியுங்கள்.

* எந்த ஃப்ளோ என்ன செய்கிறது, எந்தக் கணக்கில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

* வாடிக்கையாளரின் ஆதார் நகலைத் தேவையில்லாமல் இந்தச் சங்கிலிக்குள் விடாதீர்கள். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

* பணம், கடன், ஸ்டாக் தொடர்பான படிகளில், ஒருவர் பார்த்து 'சரி' சொன்ன பிறகு நகரும்படி ஓர் ஒப்புதல் படியை வையுங்கள்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. திங்கள்கிழமை காலை கடை திறந்ததும், சொந்த மொபைலில் இருந்து கடைக்கே ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் மெசேஜ் வந்தால் அந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம். வராவிட்டால், எந்த விவசாயியும் போன் செய்வதற்கு முன்பே அடைப்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடலாம்.