அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பல குடும்பங்களிடமிருந்து வரும். "எல்லாரும் அருவிக்குப் போறோம் டாக்டர், அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாமா?" மருத்துவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் "வேண்டாம்" என்றே விடையளித்து வந்திருக்கிறோம். அவ்விடை பல வேளைகளில் தவறானது என்பதே எங்கள் இன்றைய கருத்து. "வேண்டாம்" என்று சொல்ல ஒரு நொடி போதும். "இப்படிச் சென்று வாருங்கள்" என்று விளக்கப் பதினைந்து நிமிடங்கள் வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது எது எங்கள் வாயில் முதலில் வரும் என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கொடும்பாளூரைச் சேர்ந்த ஒரு பெரியவரின் அனுபவம்தான் எங்களை இவ்வாறு எண்ண வைத்தது. அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து இங்கு எழுதுகிறோம். வயது 66. பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகன் குடும்பத்தோடு பாபநாசம் செல்லத் திட்டமிட்டுக் கேட்டபோது, நாங்கள் வழக்கம்போல் "வேண்டாம்" என்றோம். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சென்றார்கள். பெரியவரும் அவருடைய மனைவியும் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் இரவு உணவை அளந்து வைப்பதும் இன்சுலின் ஊசி போடுவதும் மருமகளின் பொறுப்பு என்பதை நாங்கள் கேட்டறியவில்லை. மனைவிக்குக் கண்புரை. பெரியவர் தாமே ஊசியைப் போட்டுக்கொண்டார்; மனம் சரியில்லாமல் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். பின்னிரவில் உடல் முழுதும் வியர்த்துப் பேச்சுக் குழறிய நிலையில், பக்கத்து வீட்டார் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தனர். இரத்தச் சர்க்கரை 42 மில்லிகிராம். குளுக்கோஸ் ஏற்றியதும் விரைவில் தெளிந்தார். அன்று வேறு எதுவும் நேராதது நல்வாய்ப்பு.

மறுநாள் காலையில் அவர் சொன்னதை எங்களால் எளிதில் மறக்க இயலவில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். வரிசையாக எழுப்பிய மூன்று கோயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. "எங்க ஊருக் கோயில் மாதிரிதான் டாக்டர். மத்தவங்க நிக்கிறாங்க. நான் இருந்த இடம் மட்டும் இருக்கு" என்றார். அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னது பாதுகாப்பு என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவரைக் காத்துவந்த ஒரே ஏற்பாட்டை முந்நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிவிட்டு அப்படி நம்பினோம்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் அதே கேள்வி மீண்டும் வந்தது. இம்முறை பதினைந்து நிமிடங்களை ஒதுக்கினோம்.

பாபநாசம் அகத்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988இல் அறிவிக்கப்பட்ட அது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆகவே அங்குச் செல்வோர் காட்டுக்குள் செல்கிறோம் என்ற நினைவோடு செல்ல வேண்டும். சோதனைச்சாவடியில் நெகிழிப் பைகளை அனுமதிப்பதில்லை. மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் குளிப்பதற்குத் தடை விதிப்பார்கள். பல இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காது. 108ஐ அழைக்கவே சிறிது தூரம் வர வேண்டியிருக்கலாம் என்பதால், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியை முன்பே தெரிந்துகொள்ளுமாறு மகனிடம் கூறினோம். மருந்துச் சீட்டின் படி ஒன்று பெரியவரின் சட்டைப்பையிலும் மற்றொன்று மகனிடமும் இருக்கட்டும் என்றோம்.

இன்சுலினைப் பற்றி நெடுநேரம் பேசினோம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் சென்றால் கெட்டுவிடும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்தில் வைத்து நிழலில் கொண்டுபோனால் போதும் என்று சொன்னபோது, "எங்க அம்மா மோர் கொண்டுபோற மாதிரி" என்று சிரித்தார் அவர் மனைவி. உணவுக்கு முன் சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவியும் உடன் சென்றது.

அடுத்தது பாதம். அருவிக்கரையில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். மே மாத வெயிலில் பாறை அடுப்புக்கல்லாய்ச் சுடும். உணர்வு குறைந்த பாதம் அதை அறியாது. கொப்புளம் உடைந்து நீர் வடியும்போதுதான் தெரியவரும். நீரிழிவால் விரலை இழந்தவர்கள் சிலரின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. எனவே வழுக்காத அடிப்பகுதி கொண்ட கேன்வாஸ் காலணியோடுதான் நீரில் இறங்க வேண்டும், கரையேறியதும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும், இரவில் மருமகள் இரு பாதங்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

அருவியின் நேர்வீழ்ச்சியில் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்ந்த நீர் திடீரெனத் தலையில் விழும்போது தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. அடைப்புள்ள இதயத்திற்கு அது வேண்டாத சுமை. கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கும் அந்த விசை கேடு செய்யும்.

அவர்கள் சென்று வந்தார்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடந்தார்கள்; முதல்நாள் இரவு அம்பாசமுத்திரத்தில் தங்கி, மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அருவியை அடைந்தார்கள். பெரியவர் ஓரத்துப் பாறை நிழலில் அமர்ந்துகொள்ள, பேரன் குவளையில் நீர் மொண்டு முதலில் காலிலும் பிறகு தோளிலும் ஊற்றினான். புலியைப் பார்க்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. ஒரு மிளாவைப் பார்த்திருக்கிறார்கள். குரங்குகளை மிகவும் அருகில் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பிஸ்கட்டும் குளுக்கோஸ் பொட்டலமும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. இனிப்பை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லியிருந்ததால் மற்றொரு பொட்டலம் பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது. குரங்கை நினைத்து நாங்கள் அதைச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

குரங்கைப் பற்றி மேலும் ஒரு சொல். அதற்கு உணவு கொடுக்காதீர்கள். பையைப் பிடுங்கினால் போராடாமல் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மழைக்காலத்தில் செல்வோரை அட்டை கடிக்கும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அந்த இடத்தில் இரத்தம் வழக்கத்தைவிட நெடுநேரம் கசியும்; அஞ்சாமல் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். திரும்பி வந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புதர்களிலுள்ள கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகளால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் கருநிறப் பொருக்கு இருக்கக்கூடும். அது அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும். உரிய நேரத்தில் கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் என்ற எளிய மருந்தே அதைக் குணப்படுத்தும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

"வேண்டாம்" என்று நாங்கள் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர்கள், சிறிது நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள் பொறுத்திருக்கத்தான் வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்கள் செல்லலாம். ஆனால் நீருக்குள் ஒருபோதும் தனியே இறங்கக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இரு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட நாளில் அருகிலுள்ள இடங்களுக்குச் சென்று வரலாம். கொடும்பாளூர்ப் பக்கத்தவர்களுக்கு விராலிமலை மயில்கள் இருக்கின்றன; அதற்கு முந்நூறு கிலோமீட்டர் வேண்டியதில்லை.

நோயாளியை வீட்டில் விட்டுச்செல்லும்போது பெரும்பாலும் அவரோடு மற்றொருவரும் தங்கிவிடுகிறார். அவர் பெரும்பாலும் மனைவி, அல்லது மூத்த மகள். எங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் அவருக்கென்று ஒரு வரிகூடக் கிடையாது. பெரியவரின் மனைவி, ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து மருத்துவமனையைத் தவிர வேறு வெளியூருக்கே போனதில்லை என்பதைப் பாபநாசத்திலிருந்து திரும்பிய பிறகுதான் எங்களிடம் சொன்னார். முன்பே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சுற்றுலாத் தலங்களைப் பேணுவோரிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அருவிக்குச் செல்லும் படிகளில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழியில் உட்கார ஒரு திண்ணை, முழங்கால் மடங்காதவர்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஆகியவை இருந்தால், இன்று வண்டிக்குள்ளேயே காத்திருக்கும் முதியவர்களில் பலர் இறங்கி வருவார்கள்.

பயணம் முடிவானால் இரண்டு வாரங்களுக்கு முன்பே எங்களிடம் வாருங்கள். யார் யார் செல்கிறீர்கள், யார் வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். நம் பெரியவர் இவ்வாண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டார். டாப்சிலிப் போய்க் கோழிக்கமுத்தி முகாமில் யானைகளைப் பார்க்க வேண்டுமாம். சிறுநீரகச் சோதனையும் எக்கோவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முடிவுகள் வந்ததும் நாளைக் குறிக்க வேண்டும்.